துண்டுக்குள் விரிந்த கை

என் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பழைய துண்டு கிடக்கிறது. வெள்ளைத் துண்டுதான், இப்போது பழுப்பேறிவிட்டது. எத்தனை தடவை அலசினாலும் மிளகு வாசனை போவதில்லை. என் மாமனாருடையது. மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகராக இருந்தவர் அவர். அந்தத் துண்டை வைத்துத்தான் அவர் பிழைப்பு நடத்தினார். ஒரு நாள் அதை வைத்துத்தான் நான் அவரைப் பிழைக்க வைத்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் அந்த வீட்டை விட்டு நகர முடியவில்லை.

யூதர் தெருவான ஜூ டவுன் பக்கத்துப் பண்டகசாலைகளில் அந்தக் காலத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தும் அழுத்தியும் உள்ளேயே பேரம் நடக்கும். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியாது. பேரம் படிந்தால் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். படியாவிட்டால் உள்ளங்கையை விரித்துவிடுவார்கள். ‘போய் வா, உன் மேல் எனக்கு வருத்தமில்லை’ என்று அதற்கு அர்த்தம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரே இதை விளக்கினார். “வாயால சொன்னதை மாத்திப் பேசலாம் மோளே. கையால சொன்னதை மாத்த முடியாதாக்கும்,” என்றார்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. என் கணவர் பஹ்ரைனுக்குப் போய்விட்டார். மாமியார் முன்பே காலமாகியிருந்தார். வீட்டில் மாமனார், நாத்தனார், நான், கைக்குழந்தையாக என் மகன். நான் வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். காலையில் படகுத்துறையில் போட் ஏறி, காயல் காற்று முகத்தில் அடிக்க அந்தக் கரைக்குப் போகிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அது எனக்கே எனக்கானது. அங்கே நான் யாருக்கும் மருமகள் இல்லை.

அந்த ஆபீசில்தான் முதலுதவி கற்றுக்கொடுக்க ஒரு டாக்டரை அழைத்துவந்தார்கள். பொம்மை கிடையாது. உமி அடைத்த சாக்கில் கரியால் விலா எலும்புகளை வரைந்து மேஜைமேல் கிடத்தியிருந்தார். பெண்கள் நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இதயம் என்பது கிணற்றடியில் இருக்கிற கைப்பம்பு மாதிரிதான், அது நின்றுபோனால் நீங்கள் வெளியிலிருந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் முழுவதும் இறங்க அழுத்தச் சொன்னார். நடுநடுவே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். இப்படிச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். “அழுத்துறது நம்ம ஜோலி. திரும்பி வர்றது நம்ம ஜோலி இல்ல,” என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. மாமனாருக்கு அதைப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவருக்குச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பண்டகசாலைக்குப் போனேன். வாசலில் கூட்டம். உள்ளே மிளகு மூட்டைகளுக்கு நடுவே மாமனார் மல்லாந்து கிடந்தார். வலிப்பு என்று நினைத்து, சுமை தூக்குகிறவர்கள் அவர் கையில் பண்டகசாலைச் சாவிக்கொத்தைத் திணித்து மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு இல்லை. மூச்சும் இல்லை. “சாவியை விடுங்க, தள்ளுங்க,” என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மாமனார் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவள் நான். அவர் பக்கத்தில் மண்டிபோட்டு நெஞ்சில் கை வைத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. வாய் வைக்க வேண்டிய நேரம் வந்ததும் தயங்கினேன். அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்து அவர் வாய்மேல் போட்டு, அதன் வழியாக ஊதினேன். மிளகு நெடியில் என் கண் எரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் இருமினார். மூட்டை ஏற்றும் கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கிருந்த டாக்டர் நேர்மையானவர். இதயம் முழுதாக நின்றதா, நிற்கப்போகிற நேரத்தில் இருந்ததா என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பெண் அழுத்தியிராவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்றார். தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். மாமனார் வாயில் வாய் வைத்தவள் என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அதெல்லாம் எனக்குத் தூசி. என்னை மாட்டிவைத்தது வேறு.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் சொன்னது இதுதான்: “நீ கிட்ட இருந்தாப் போதும் மோளே. வேற மருந்து எனக்கு வேண்டா.” முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. லீவு போட்டேன். லீவை நீட்டினேன். திரும்ப ஆபீசுக்குக் கிளம்பிச் சேலை மாற்றிய காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. மறுபடி கிளம்பியபோது மறுபடி வலித்தது. உண்மையான வலியா, பயமா, நடிப்பா? நெற்றியில் வியர்வை மட்டும் நிஜமாகவே இருந்தது. யாரால் துணிந்து படியிறங்க முடியும்? கணவர் பேசி அனுப்பிய கேசட்டில், “அப்பாவைப் பாத்துக்கோ, உன் கையிலதான் இருக்கு,” என்றார். வேலையை விட்டேன். நான் குளிக்கும்போதுகூட அவர் குரல் கொடுப்பார். வாளியைத் தட்டி நான் பதில் சொல்ல வேண்டும். பாலக்காட்டில் என் தங்கை கல்யாணம் நான் இல்லாமலே நடந்தது. காலையில் போட்டின் சங்கு ஊதும்போதெல்லாம் அடுக்களையில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

ஒரு வழி தோன்றியது. உமி அடைத்த சாக்கு ஒன்றைத் தயார் செய்து நாத்தனாருக்குக் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே செய்தாள். கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனார், “அவ கை பஞ்சாக்கும். உயிர் நிக்காது,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அடுத்த தடவை என் கையாலும் நிக்கும்னு நிச்சயம் இல்ல மாமா. கத்துக்கொடுத்த டாக்டரே சொல்லியிருக்கார்.”

“அவர் படிச்சுச் சொல்றார். நான் போயிட்டு வந்தவனாக்கும்.”

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்குப் பிடித்த மீனை வாங்கிவரச் சொல்லி, தனக்கு ஆகாது என்று தெரிந்தும் முன்னால் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷரிடமிருந்து எப்படித் தப்பிக்க?

மழைக்காலத்தில் ஒரு காலை. சாயா குடித்துக்கொண்டிருந்தவர் கிளாசைக் கீழே வைத்தார். முகம் வெளுத்தது. நாத்தனார் டாக்டரை அழைக்க ஓடினாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நினைவு இருந்தது. தோளிலிருந்த துண்டை மெல்ல இழுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் கையைத் தேடி இறுக்கிப் பிடித்தார். பிறகு அவர் உள்ளங்கை விரிந்தது. சற்றுநேரத்தில் மூச்சு நின்றது.

நான் அழுத்தினேன். கற்றுக்கொண்டபடியே, முழங்கை மடங்காமல். டாக்டர் வந்து என் கையை எடுத்துவிடும்வரை அழுத்தினேன். அவர் திரும்பவில்லை. என்னைப் போகச் சொன்னாரா, உயிர் போகும்போது கை தானாகத் தளர்ந்ததா, இன்றுவரை தெரியாது. சொன்னார் என்றே வைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே அவர்மேல் ஆத்திரப்பட்டேன். இதைச் சொல்ல ஆறு வருஷமா மாமா? காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் படகுத்துறைக்குப் போய் நின்றேன். போட் வந்தது. போவதற்கு எனக்கு ஆபீஸ் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது என் முறை. போன வருஷம் என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். என் மருமகள் தன் ஆபீசில் முதலுதவி கற்றுக்கொண்டு வந்து, தலையணையில் எனக்குச் செய்துகாட்டினாள். நல்ல கை. அன்றிலிருந்து அவள் செருப்பை மாட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இறுகுகிறது. வலியா பயமா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போதுதான் படுகிறது.

இன்று காலை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். “என்னம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க? லீவு போடட்டா?” போடு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே போய் அந்தத் துண்டை எடுத்துவந்தேன். அவள் கைமேல் போட்டேன். உள்ளே அவள் கையைப் பிடித்தேன். இளம் கை, கதகதப்பாக இருந்தது. விட மனமில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு விரித்தேன்.

“இது என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. போ, போட் போயிடும்.”

சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. துண்டுக்குள் என் கை மட்டும் இருந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை.