பல்வலிக்குக் குழைத்த சாதம்

எனக்குப் பல்வலி வந்ததே இல்லை. அறுபதைத் தாண்டியும் தட்டையை நறுக்கென்று கடித்துத் தின்கிற பல் இது. இருந்தும் போன வருஷம் மழைக்காலம் முழுக்க எங்கள் தெருவுக்கு நான் பல்வலிக்காரி.

பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனபின் வந்த வினை. காலையில் ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரம் வந்தால் போதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். ஓடிப்போய்ச் சேர ஆபீஸ் இல்லை. கட்டிக்கொடுக்க டிபன் டப்பா இல்லை, மகன் கனடாவில். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாம் கேஸாக்கும். சுக்கு வெந்நீர் குடி" என்பார். அவருக்கு உலகத்தில் உள்ள அத்தனை வியாதியும் கேஸ்தான். இசிஜி எடுத்த டாக்டர், இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, மனசுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் யாரையாவது பாருங்கள் என்றார்.

கோட்டைக்குள் எங்கள் அக்ரஹாரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே 'தீர்க்காயுசு' என்பார்கள். மனசுக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டதாகக் குளக்கரை வரை சேதி போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய்யும் இல்லை. தம்பானூரில் நான் பார்க்கப் போன கவுன்சிலரின் அறைக்கு நேர் எதிரே ஒரு பல் டாக்டர் இருந்தார். இரண்டு பேரையும் பார்க்க வருகிறவர்களுக்கு வராந்தாவில் ஒரே பெஞ்சு.

கவுன்சிலர், எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, எதிரே தெரிவதையெல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றாள். ஃபேன், காலண்டர், உன் மூக்குத்தி என்று அடுக்கினேன். இதென்ன எல்கேஜி பாடம் என்று முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் சொல்லச் சொல்ல மூச்சு தணிந்தது. வாரா வாரம் போகத் தொடங்கினேன்.

அப்படிப் போன ஒரு நாள் அந்தப் பெஞ்சில் மன்னி உட்கார்ந்திருந்தாள்.

மன்னி என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. அண்ணா போய் வருஷம் திரும்பியிருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று பெங்களூரிலிருந்து மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். மன்னி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நீ எங்கேடீ இங்க?" சொல்லும்போதே அவள் கை கன்னத்துக்குப் போய்விட்டது.

"பல்லு, மன்னி. நீங்க?"

"எனக்கும் பல்லாக்கும். கடவாப்பல்லு. ப்ராணன் போறது." கொஞ்சம் நெளிந்தாள். "டாக்டர் வர நாழியாகுமாம். நான் அப்பறம் வந்துக்கறேன்." படியிறங்கிப் போய்விட்டாள்.

பல் டாக்டரின் கதவு திறந்தே கிடந்தது. மனுஷர் உள்ளே சும்மா உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியாமல் இல்லை. பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். மன்னி விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கென்று அந்தக் கவுன்சிலர் பெண் மலையாளத்தில் கேட்டாள்: "சேச்சிக்கு இதொக்கே பறயான் அடுத்து ஆரெங்கிலும் உண்டோ?" இதையெல்லாம் சொல்ல எனக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று. ஒருத்தரும் இல்லை என்றேன்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வரும். மறுநாளே மன்னி தூக்கோடு வாசலில் நின்றாள். "ரசம் சாதம் கொழச்சுப் பெசஞ்சிருக்கேன். கடிக்க வேண்டாம், முழுங்கினாப் போறும்." என்னால் மட்டும் விட்டுவிட முடியுமா? அதே தூக்கில் தயிர் சாதத்தை மசித்துத் திருப்பி அனுப்பினேன். நல்ல பல் உள்ள இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கூழ் குடித்தோம். தட்டைக்கு நாக்கு ஏங்கும்போது, சத்தம் வெளியே போகாமலிருக்க மிக்ஸியைப் போட்டுக்கொண்டு கடிப்பேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

தூக்கைக் கொடுத்த பிறகும் மன்னி உடனே போகமாட்டாள்.

"இப்போ எப்டிடீ இருக்கு?"

"தேவலை மன்னி. உங்களுக்கு?"

"ராத்திரிதான் ஜாஸ்தி. தூக்கமே வரல்லே."

"கிராம்பு அடக்கிக்கோங்கோ" என்பேன். அடிப்பாவி, கிராம்பு! நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு வார்த்தை, 'உள்ள வாங்கோ மன்னி, உக்காருங்கோ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே.

ஓணம் கழிந்து மன்னியைக் கூட்டிப்போகப் பெங்களூர் மகன் காரோடு வந்தான். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மன்னி என் கன்னத்தைத் தொட்டாள். "பல்லப் பாத்துக்கோ" என்றாள். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.

போன மாதம் அந்தப் பையன் போன் செய்தான். "சித்தி, அம்மா லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறா. ரூமை விட்டே வரல்லே. நெஞ்சப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கா. டாக்டர் ஒண்ணுமில்லேங்கறார். அங்க இருக்கச்சே யாரையாவது பாத்துண்டிருந்தாளா?"

பல் டாக்டர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "அம்மாகிட்ட குடு" என்றேன்.

"மன்னி, எனக்குப் பல்வலியே இல்லே. நான் போனது மனசு டாக்டர்கிட்டயாக்கும்."

"தெரியும்டீ. காலி மிக்ஸி ஓடற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எதுக்கு மன்னி தெனம் கொழச்ச சாதம்?"

"வேற எதச் சொல்லிண்டு உங்காத்து வாசல்ல வந்து நிக்கறது? நீ கேப்பேன்னு நெனச்சேன்."

"அதுக்கப்பறம் அந்தப் பொண்ணப் பாக்கப் போனேளா?"

"இல்லே. அன்னிக்கே உள்ள போகல்லியே."

அன்று படியிறங்கிப் போன முதுகு கண்ணுக்குள் வந்தது. அவள் மூச்சு போனில் வேகமாகக் கேட்டது. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

"மன்னி, காலு ரெண்டையும் தரையில நன்னா அழுத்திக்கோங்கோ. எதுத்தாப்ல என்ன தெரியறது, சொல்லுங்கோ."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"சொவருதாண்டீ தெரியறது. அந்தப் பக்கம் யாருன்னுதான் தெரியல்லே."