கார் துடைத்த வேட்டி

என் மாமனாரின் வேட்டியைக் கிழித்து நான் கார் துடைத்தேன்.

சொல்லிவிட்டேன்! இத்தனை காலம் தொண்டையில் முள்ளாய்க் கிடந்த வாக்கியம் இவ்வளவு சின்னதா? படிக்கிற உங்களுக்குச் சிரிப்புக்கூட வரலாம். பழைய வேட்டி பின்னே எதற்கு ஆகும் என்று கேட்பீர்கள். பொறுங்கள்... அது எந்த வேட்டி என்று தெரிந்த பிறகு சிரியுங்கள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். நிறைந்த ஆயுசோடு வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் கிடக்காமல் போன ஒரு பெரியவரின் பழந்துணியில்தான் முதலில் கிடத்துவார்கள். அந்த ஆயுசு பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளுமாம்.

என் மனைவி தெய்வானையின் தகப்பனார் பெரியசாமி அப்படிப்பட்டவர். கீரனூர்ப் பக்கத்து விவசாயி. எண்பதைத் தாண்டியும் கரும்பைப் பல்லால் உரித்தவர். காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்து கஞ்சி குடித்தார், சுவரில் சாய்ந்தார், போய்விட்டார். காரியம் முடிந்து திரும்பும்போது, அவர் உடுத்தி வெளுத்துப் பூவாகிப்போன வேட்டி ஒன்றைத் தெய்வானை கேட்டு வாங்கி வந்தாள். வசம்புத் துண்டு வைத்து மடித்துத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள்.

"நமக்குன்னு ஒண்ணு வந்தா மொதல்ல இதுலதாங்க போடணும்" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. ஒன்றும் வரவில்லை.

வந்தது கார்தான்.

நான் புதுக்கோட்டையில் வக்கீல். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு சில பெரிய குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பின. அப்படிக் கிளம்பிய ஒரு வீட்டாரிடமிருந்து அந்தக் கறுப்புக் காரை வாங்கினேன். கறுப்பு என்பது பேச்சுக்கு! வெயிலைக் குடித்துக் குடித்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. தடவிய விரலில் மாவாக ஒட்டியது. "ஏங்க, கரிச்சட்டியக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கே" என்றாள் தெய்வானை. அந்தச் சொல் எனக்கு உறைத்தது. பிள்ளை இல்லாத வீட்டில் சும்மா கிடந்த என் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் பைத்தியம் உங்களுக்குப் புரியாது.

கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைக்கும். குளத்துத் தண்ணீரை வடிகட்டி, செம்மண் புழுதி ஒரு துகள்கூட இல்லாமல் கழுவ வேண்டும். துகள் இருக்கத் தேய்த்தால் வண்டி முழுக்கச் சிலந்திவலை போலக் கீறல் விழும். பிறகு கொட்டகை நிழலில் நிறுத்தி, தகரத்தின் சூடு ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டும். திருச்சியிலிருந்து வாங்கி வந்த மெருகுப் பசையை உள்ளங்கை அகலம், உள்ளங்கை அகலமாகத் தேய்க்க வேண்டும். செத்த பெயிண்ட் துணியில் கரியாக ஏறும். அடியிலிருந்து உயிருள்ள கறுப்பு எழுந்து வரும்... ஓரங்களில் அழுத்தினால் போச்சு, பெயிண்ட் கழன்று அடிப்பூச்சின் செங்காவி பல்லிளிக்கும். கடைசியில் மெழுகு. தேன்மெழுகையும் டப்பா மெழுகையும் டர்பன்டைனில் இளக்கி, இருக்கிறதா இல்லையா என்ற கனத்தில் பூசி, பனி படர்ந்தாற்போல் மங்கியதும் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில் விழுந்தாற்போல முத்துமுத்தாக நின்று உருண்டோட வேண்டும். அதுதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. கேஸ் கட்டோடு கட்சிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள், நான் சக்கரத்தோரம் குந்தியிருப்பேன். "வக்கீலய்யா வண்டியில மூஞ்சி பாத்துச் செரைச்சுக்கலாம்" என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்காகத்தானே தேய்த்தேன்! இல்லை என்று உங்களிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அப்போது எங்கள் வீதிக்கோடியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் காரைக் கேட்டார்கள். ஊரே பார்க்கப் போகிறது! தெய்வானை கீரனூர் போயிருந்தாள். நான் விடிந்ததிலிருந்து தேய்த்தேன். மெழுகு பூசி, அது மங்கி நிற்கிறது. துடைக்க வேண்டியதுதான் பாக்கி. கையில் இருந்த கடைசி நல்ல துணி நழுவிச் செம்மண்ணில் விழுந்தது.

மண்ணில் விழுந்த துணி அவ்வளவுதான். உதறினாலும் கீறும். துண்டின் முறுக்கு நூல் கீறும். மில் துணியில் கஞ்சி இருக்கும். சாயத்துணி சாயத்தை விடும். ஆண்டுக்கணக்கில் வெளுத்து மெத்தென்று ஆன வெள்ளை நூல்துணி வேண்டும்...

வீட்டில் அப்படிப்பட்ட துணி இரண்டு இருந்தன. ஆம், இரண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒன்று தகரப்பெட்டியில் இருந்த மாமனார் வேட்டி. மற்றொன்று என் கோர்ட்டுக் கோட்டுகளுக்கு அடியில் நான் வைத்திருந்த என் அப்பாவின் வேட்டி.

என் அப்பா அடைக்கலம் முப்பது வயது நிறையாமல் காலராவில் போனவர். எனக்கு அவர் முகம் தெரியாது. 'அற்பாயுசுக்காரன்' என்பதுதான் ஊர் அவருக்கு வைத்த பெயர். அவர் பேச்சை நல்ல காரியங்களில் எடுக்கமாட்டார்கள். அம்மா சாகும்போது அந்த வேட்டியை என் கையில் கொடுத்தாள். அவர் என்று சொல்ல என்னிடம் அது ஒன்றுதான்.

என் அப்பாவின் வேட்டியை நான் தொடவில்லை. தகரப்பெட்டியைத்தான் திறந்தேன்.

தெரியாமல் செய்தேனா? தெரிந்து செய்தேன். வசம்பு வாசம் முகத்தில் அடித்தது. அவள் சொன்ன சொல்லும் கூடவே அடித்தது. 'பிள்ளைதான் வரப்போவதில்லையே... பெட்டியில் இருந்து யாருக்கு?' என்று என் மனம் சொல்லிற்று. கிழித்தேன். அந்தச் சத்தம்! நான் கிழித்தது துணியை அல்ல, ஐயா. ஒரு பெண் வருஷக்கணக்காக வசம்பு மாற்றி மாற்றிக் காத்த நம்பிக்கையை. அவளோடு சேர்ந்து காத்திருப்பதாகப் பாவனை செய்துகொண்டு, நான் எப்போதோ கைகழுவிவிட்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது.

கார் மின்னியது. பொய் சொல்லமாட்டேன், அப்படி அது அதற்கு முன்னும் மின்னியதில்லை, பின்னும் மின்னியதில்லை. ஊர்வலத்தில் பந்தங்களும் பூவும் மாப்பிள்ளையும் அதன் மேல் இன்னொரு ஊர்வலமாய் நகர்ந்தன. நான் பூரித்து நின்றேன். கறுத்துச் சுருண்ட துணித்துண்டுகளை மறுநாள் வென்னீர் அடுப்பில் போட்டேன். தெய்வானை திரும்பியதும், பெட்டிக்கு வசம்பு மாற்றும் வேலையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் தெய்வானைக்கு மசக்கை கண்டது.

கடவுளே! சந்தோஷம் என்பது இடிபோல விழும் என்று அன்றுதான் அறிந்தேன். வளைகாப்பு முடிந்து அவள் கீரனூர் கிளம்ப நாள் குறித்தாயிற்று. "என்னங்க, அப்பா வேட்டிய எடுத்து வெயில்ல காயப் போட்டு வைங்க, குனிய முடியல" என்றாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை... கோட்டுகளை விலக்கினேன். என் அப்பாவின் வேட்டியை எடுத்தேன். மாமனார் வேட்டிக்குச் சிவப்புக் கரை, இதற்குப் பச்சை. கரையை மட்டும் கிழித்தெடுத்தேன். வசம்பு தேய்த்தேன். வெயிலில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன்.

"கரை எங்கங்க?"

"பூச்சி அரிச்சிருந்துச்சு. பிள்ளைக்கு உறுத்தும்னு கிழிச்சிட்டேன்."

அவள் அதை முகத்தில் வைத்து அழுத்தினாள். "அப்பா வாசம் அப்படியே இருக்குங்க" என்றாள். கண் நிறைந்திருந்தது. என் பக்கம் நிமிர்ந்து, "எம்மேல ஒங்களுக்கு எவ்வளவு அக்கற..." என்றாள்.

அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மகள் பிறந்தாள், வசந்தா. முப்பதைக் காணாத மனிதனின் துணியில் என் ஒரே பிள்ளையைக் கிடத்தினார்கள். அதைக் கொடுத்தவன் நான். என் பயம் உங்களுக்குப் புரிகிறதா? ஆயுசு ஒட்டும் என்றால் அற்பாயுசும் ஒட்டாதா? சட்டம் படித்தவன் நான், இதையெல்லாம் நம்பாதவன் என்று கிளப்பில் பேசுகிறவன். ஆனால் பிள்ளை இருமினால் எனக்கு நெஞ்சு நின்றது. அவளுக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு, டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டு, முகம் தெரியாத என் அப்பாவிடம் கெஞ்சினேன். 'நீங்க சீக்கிரம் போனத எம்பிள்ளைக்குக் குடுத்துறாதீங்க. நீங்க வாழாம விட்ட மிச்சத்தக் குடுங்க...'

காய்ச்சல் இறங்கியது.

அப்பா! உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? இன்று அவள் இரட்டைச் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். என்னை எதிர்த்துப் பேசுகிறாள். என் தட்டிலிருந்து அப்பளத்தை ஒடித்துக்கொண்டு ஓடுகிறாள். அந்த நொறுங்கும் ஓசை ஒவ்வொன்றும் உங்கள் கொடை என்று நான் எண்ணுகிறேன். எண்ணத்தானே முடிகிறது...

கதை அதோடு நிற்கவில்லை. அந்த வேட்டிக்குப் பெயர் வந்துவிட்டது! காத்திருந்து பெற்ற பிள்ளை, காய்ச்சலில் பிழைத்த பிள்ளை. பெரியசாமி வேட்டியின் ராசி என்று வீதி பேசிற்று. பிரசவம் ஆகிற வீடெல்லாம் இரவல் கேட்டது. பக்கத்து வீட்டு ராக்காயி அம்மாள் வாசலில் நின்று கூவுவாள்: "தெய்வான! எம்மருமவளுக்கு வலி கண்டிருச்சு. ஒங்கப்பாவ நாலு நாளு எங்க வீட்டுக்கு அனுப்பு!" பிறகு என்னைப் பார்த்து, "என்னங்க வக்கீலய்யா, ஒங்க மாமனாரு செத்தும் ஓயாம ஊர்ப்புள்ளைய எல்லாந் தூக்கிச் சொமக்குறாரே. நீங்க அந்தக் கார மட்டுந்தான் தொடைப்பீகளா?" என்பாள்.

வீதி சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எத்தனை பிள்ளைகள்! எல்லாம் கொழுக்கு மொழுக்கென்று வீதியில் ஓடுகின்றன. நல்ல காரியத்தில் பெயர் சொல்லக்கூடாது என்று ஒதுக்கிய மனிதரின் மடியில் ஊர் தன் பிள்ளைகளைப் போட்டு எடுக்கிறது. புகழ் மட்டும் வேறொருவருக்குப் போகிறது. மாமனாரின் துணியை அழித்தேன்; என் அப்பாவின் புண்ணியத்தைத் திருடி அவருக்குக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டேன். இரண்டு பேருக்கும் துரோகம். ஆனால் இரண்டு பேரும் என் வீட்டை வாழவைத்தார்கள். இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

சென்ற ஆண்டு தெய்வானையின் தங்கை பொன்னம்மா அறந்தாங்கியிலிருந்து வந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் பறிகொடுத்தவள். மூன்றாவது வயிற்றில். "அக்கா, இந்தத் தடவ அப்பா பாத்துக்குவாரு" என்றாள். அவளைக் காரில் நானே கொண்டுபோய் விட்டேன். அவள் மடியில் அந்த வேட்டி. பாதையெல்லாம் செம்புழுதி. 'சொல், இப்போதாவது சொல்' என்று மனம் உந்தியது. இது உன் அப்பாவுடையது அல்ல, அம்மா... அவருடையது என் காரில் மெழுகாகிப் போயிற்று...

"பொன்னம்மா" என்றேன்.

"ஒண்ணும் பயமில்ல அத்தான்" என்றாள் அவள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. "அப்பா மடியில ஒக்காந்து போற மாதிரியே இருக்கு."

நான் வண்டியை ஓட்டினேன். அந்தத் துணியை அவளிடமிருந்து பிடுங்கினால் அவளிடம் என்ன மிஞ்சும்? அப்படித்தான் எனக்கு நானே வாதாடினேன். நல்ல வாதம். ஆனால் வாதாடியது வக்கீல் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆண் பிள்ளை பிறந்தது. பிழைத்தது. கை கால் உதைத்துக்கொண்டு, ஊரைக் கூட்டும் குரலோடு! பெயரிடும் நாளில் அறந்தாங்கி வீடு கொள்ளாத கூட்டம். தாத்தாவின் பெயரே பிள்ளைக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. காதில் பெயரைச் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது, பொன்னம்மா என்னைக் காட்டினாள். "அப்பா வேட்டிய இத்தன வருசம் பத்திரமா வெச்சிருந்தவரு அத்தான்தான். அவரே சொல்லட்டும்."

தெய்வானை பெருமையோடு என்னைப் பார்த்தாள். பிள்ளையை என் கையில் வைத்தார்கள், அந்த வேட்டியோடு.

குனிந்தேன். உள்ளங்கையால் காதை மறைத்துக்கொண்டு வாயை வைத்தேன். பெண்கள் குலவையிட்டார்கள். நான் அங்கே என்ன சொன்னாலும் ஒருவருக்கும் கேட்காது. ஒரே ஒரு முறை 'அடைக்கலம்' என்று சொல்லலாம். பிறகு அவர்கள் விரும்பிய பெயரை ஊரறியச் சொல்லிவிடலாம். அந்தச் சின்னக் காதுக்கு மட்டுமாவது, தன்னைத் தாங்கியவர் யார் என்று தெரியட்டும்...

பிள்ளை கொட்டாவி விட்டது. பால் வாசம் அடித்தது.

"பெரியசாமி" என்றேன். "பெரியசாமி... பெரியசாமி..."

யாருக்கும் கேட்காத அந்த இடத்தில்கூட என் அப்பாவின் பெயர் என் வாயில் வரவில்லை.