ஊசி கோத்தவர்

செம்பூர் கண் ஆஸ்பத்திரியில், விழித்திரையில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் அறைக்கு வெளியேதான் அவரைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே நோய், கிளாக்கோமா. தாராவியில் தோல் பை தைப்பவர். மருதாணிச் சிவப்பில் தாடி. சட்டைக் காலரில் ஊசி ஒன்றைக் குத்தி வைத்திருப்பார். காத்திருக்கும் நேரமெல்லாம் அதில் நூலைக் கோத்து, உருவி, மறுபடி கோப்பார்.

அன்று பரிசோதனை முடிந்து வெளியே வந்தவர், "ரத்தம் ரொம்பக் கம்மியா ஓடுதாம் சார். மிஷினு பொய் சொல்லுது, இங்க பாருங்க" என்று ஒரே குத்தில் நூலைக் கோத்துக் காட்டினார். "சொட்டு மருந்து விட்டா எரியுது. நிறுத்திரலாமான்னு பாக்கேன்."

இந்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வரும், நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்று எனக்கும் முடிவு மோசம், பேசப் பிடிக்கவில்லை. "உமக்கென்ன பாய், ஊசியே கோக்கறீர்!" என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்தவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த மழைக்காலத்தில் மகள் அவரைக் கைபிடித்து அழைத்துவந்து என் அருகில் உட்காரவைத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போனாள். ஊசியைத் தடவித் தடவிப் பார்த்துத் தோற்றவர், யாரென்று தெரியாமல் என் பக்கம் நீட்டி, "பாய்சாப், ஜரா தாகா டால் தோ" என்று நூல் கோத்துத் தரச் சொல்லி இந்தியில் கேட்டார். குரலில் அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து, வாய் திறக்காமல் கோத்துக் கொடுத்தேன்.

அவர் நூலை உருவிவிட்டு, மறுபடி தானே கோக்கத் தொடங்கினார்.