முட்டிக்குக் கீழே

சந்திரவல்லிக்கு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. விடியுமுன் ஜீப்பில் ஏறி போடிமெட்டுக்கு மேலே போனால், இருட்டின பிறகுதான் வீடு. புருசன் பால்சாமிக்குச் சர்க்கரை. பாதத்தில் வந்த புண் அழுகி, முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடம் கூடாமல் கசிந்துகொண்டே இருந்தது.

அவனைப் பார்த்துக்கொள்ளச் சிலமலையிலிருந்து அவனுடைய அக்கா கருத்தம்மா வந்திருந்தாள். முட்டை, மீன், பருப்பு எதைத் தின்றாலும் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைத்தவள் அவள்தான். மூன்று வேளையும் கஞ்சி, மிளகு ரசம். சந்திரவல்லி மறுத்துப் பேசினதில்லை. பேசத் தெம்பும் இல்லை.

கட்டு மாற்றும் அன்று சந்திரவல்லி வேலைக்குப் போகாமல் அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நர்சு பானுப்பிரியா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னக்கா சாப்பிடக் குடுக்குறீங்க?”

“கஞ்சிதான்.”

“கஞ்சி சக்கரையத்தான் ஏத்தும். சதை எதை வச்சு வளரும்? முட்டை, மீனு, பருப்பு குடுங்க. இது ஆறலேன்னா முட்டிக்கு மேல எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. முட்டி இருந்தாத்தான் கட்டைக்கால் மாட்டி லேசா நடக்கலாம்.”

பால்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரவல்லி முட்டை வேகவைத்தாள். கருத்தம்மா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

“ஏத்தா, எந்தம்பிய ஒரேயடியா அனுப்பிரலாம்னு பாக்குறியா?”

“நர்சம்மா குடுக்கச் சொன்னாங்க மதினி.”

“நர்சுக்கென்ன, சம்பளத்த வாங்கிட்டுப் போயிருவா. புண்ணு சீழ் வச்சா யாரு பாக்குறது?”

“இப்பவும் சீழ்தான மதினி வடியுது.” சந்திரவல்லி முட்டையின் ஓட்டை உரித்தபடி சொன்னாள். “முட்டியும் போச்சுன்னா கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போறது நாந்தான். எனக்கு இடுப்புல பெலம் இல்ல.”

அவள் நாத்தனாரிடம் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. கருத்தம்மா அடுப்படி வாசலையொட்டிக் கட்டிலில் கிடந்த பால்சாமியைப் பார்த்தாள். அவன் கையை நீட்டி முட்டையை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே கருத்தம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சு ஏறிவிட்டாள்.

அதன் பிறகு சந்திரவல்லி அதிகாலையிலேயே பருப்பும் முட்டையும் வேகவைத்து அவன் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடினாள். புண் சட்டென்று ஆறிவிடவில்லை. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். கடைசியில் ஒருநாள் கசிவு நின்று ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ச் சதை ஏறியிருந்தது. டாக்டர் முட்டியைத் தொடவேண்டாம் என்றார்.

செய்தி கேட்டுக் கருத்தம்மா வந்தாள். “ஆரம்பத்துல நான் வாயக் கட்டி வச்சதுனாலதான் ஆறிருச்சு” என்றாள்.

“ஆமா மதினி” என்று சொல்லிவிட்டு, சந்திரவல்லி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.