இருபது கிலோ ஈரம்

ரோட்டில் காயப்போட்ட ஆயிரம் கிலோ மக்காச்சோளத்தை ஒரு வாரம் கூலிக்குக் கிளறிவிட்டுக் காவல் காத்தது என் அம்மா. போட்டபோது ஈரம் இருபத்தெட்டு சதவீதம், அள்ளும்போது பத்து. சோளத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் பதினெட்டு சதவீதத்தைக் கழித்துவிட்டு எண்ணூற்றிருபது கிலோ வரணும் என்றார். எடை மெஷினில் எண்ணூறுதான் நின்றது.

"இருபது கிலோவ எந்த வூட்டுக்குத் தூக்கிட்டுப் போன?" என்று நடுரோட்டில், ஊரே கேட்கக் கேட்டார். அம்மா முந்தானையை உதறிக் காட்டினாள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரம்பலூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். அன்று சாயங்காலமே நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஈரம் மட்டுந்தாங்க போகும். ஈரம் போக இருந்த சோளம் எழுநூற்றிருபது கிலோ, அது குறையாது. காஞ்ச எடைய எக்ஸ்னு வைங்க. அதுல தொண்ணூறு சதவீதந்தான் இந்த எழுநூற்றிருபது. அப்ப எக்ஸ் எண்ணூறு. ஒரு மணிகூடக் காணாமப் போகல."

இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார்.

"கணக்கு சரிதாம்மா. நாளைக்கு உங்கம்மாவ வேலைக்கு வரச் சொல்லு."