கூட்டாமல் விட்ட கடற்கரை

பாசிக்குடாவில் ஒரு சுற்றுலா விடுதியில் ஊழியர் பகுதிக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் ஒருநாள், "இனி எங்கட ஊழியர்கள் மாதத்தில ஒருக்கா சமூகத்துக்குத் தொண்டு செய்யவேணும். நீங்கதான் நடத்தோணும்" என்றார். சந்தோசமாகத்தான் இருந்தது. அவர் தொண்டு என்றது படம் எடுப்பதை என்று பிறகுதான் விளங்கியது.

முதலில் கடற்கரைச் சிரமதானம். விடுதிக்கு முன்னால் உள்ள கரையைத் தோட்டக்காரர்கள் தினமும் விடியவே கூட்டிவிடுவார்கள். பொறுக்க ஒரு போத்தல் மூடிகூட இராது. அதற்கும் பணிப்பாளரிடம் வழி இருந்தது: "சனிக்கிழமை வரைக்கும் கூட்டவேண்டாமெண்டு சொல்லுங்க."

குப்பை சேர்ந்தது. ஓய்வில் நின்றவர்களையும் வரவழைத்து, பச்சை ரீசேட் மாட்டிப் பொறுக்கவைத்தோம். வராதவர்களிடம் விளக்கம் கேட்கச் சொல்லி உத்தரவு. சலவைப் பகுதிப் பெண் ஒருத்தி, "மிஸ், இது நாம சம்பளத்துக்குச் செய்யிற வேலதானே? இண்டைக்கு மட்டும் ஏன் சும்மா செய்யிறம்?" என்று கேட்டாள். பணிப்பாளரோ கையுறையோடு ஒரு தயிர்க் கோப்பையை எடுத்தார். படம் சரிவரவில்லை என்றதும் அதைத் திரும்ப மணலில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

அந்தச் சலவைப் பகுதிப் பெண்ணின் ஊர் கதிரவெளி. அங்கே காற்றில் பாலர் பாடசாலைக் கூரை பறந்துபோயிருந்தது. "நம்மட மேசன், வயரிங் ஆக்கள் எல்லாரும் வாறம் எண்டு நிக்கிறாங்க மிஸ். ஒருநாள் லீவு தந்தாக் காணும்" என்றாள். நான் பணிப்பாளரிடம் போய்க் கேட்டேன்.

"கதிரவெளிக்கு எந்த கெஸ்ட் போய்ப் பாக்கப்போறாங்க? சம்பளத்தோட லீவு குடுத்தா அது தொண்டா?"

"லீவு நாளில வெருட்டிக் கூட்டிவந்தா மட்டும் தொண்டா சேர்?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வெளிநாட்டுப் பயண முகவர் ஒருவர், சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டார். அன்று மாலையே லீவு கிடைத்தது. பிள்ளைகள் வெயிலில் காய்ந்தபோது அசையாத மனது ஒரு முகவருக்கு இளகிவிட்டது.

கூரை போட்டுக்கொண்டிருக்கும்போது பணிப்பாளர் பதாகையோடு வந்து ஏணியில் ஏறப் பார்த்தார். மீன்கறி ஆக்கிக்கொண்டிருந்த தாயொருத்தி அவரை யாரென்று அறியாமல், "தம்பி, அங்கால நில்லுங்க. அவங்க வேல செய்யட்டும்" என்றாள். சிரிப்பை அடக்க நான் கிணற்றடிக்குப் போகவேண்டியதாயிற்று.

பிறகு விடுதியை விட்டு விலகி, மட்டக்களப்பு நகரில் கொம்பனி ஊழியர்களைத் தொண்டுக்குக் கூட்டிப்போவதையே தொழிலாக்கிக்கொண்டேன். கொம்பனிகள் கூப்பிடுகின்றன. பெரும்பாலும் வாவிக்கரையில் கண்டல் மரக்கன்று நடத்தான் ஆசை. அதுவும் வீதியிலிருந்து தெரிகிற அதே துண்டுக் கரையில், முந்தின கொம்பனி நட்டுப் பட்டுப்போன கன்றுகளைப் பிடுங்கிவிட்டு. ஊழியர்களுக்கு வேலைநாள் ஒன்றைத் தருவீர்களா என்று கேட்பேன். பாதிப்பேர் அதோடு சரி.

போன மாதம் ஒரு நிதி நிறுவனத்தில் தொண்டுக்கு யார் யார் வருவீர்கள் என்று கேட்டேன். காசாளர்ப் பெண் மனேஜருக்கு முன்னாலேயே, "எனக்கு ஏலாது மிஸ்" என்றாள். மனேஜரின் முகம் இறுகியது.

"சரி தங்கச்சி" என்றுவிட்டு, விளக்கம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.