உனக்கு ஏரி போதும்

ஏழாவது மாடித் திருப்பத்தில் எக்ஸ்ரே அக்கா நிற்பதில்லை. அடுக்ககத்துக்காரர்கள் லிஃப்டுக்குக் காத்து நிற்கும் காலை ஆறரை மணிக்கு, எட்டு தண்ணீர் பாட்டில்களைத் திணித்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு மாடியையும் மூன்று முறை ஏறி இறங்குவாள். "லிஃப்ட் ரிப்பேரா அக்கா?" என்று யாராவது கேட்டால், "லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்" என்பாள், மூச்சு வாங்காமல்.

ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்ச இழுங்க. புடிங்க. அசையாதீங்க!" என்று அவள் போடும் அதட்டலில், வலியில் கத்திக்கொண்டு வந்தவர்கூட ஒரு கணம் வலியை மறந்துவிடுவார். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் கவச அங்கிகள் தொங்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு மலை வரைபடம் ஒட்டியிருக்கிறது. மதியச் சாப்பாட்டின்போது கதவைத் திறந்து வைத்துக்கொள்வாள். வலது கை டப்பாவில் இருக்கும், இடது கை ஆள்காட்டி விரல் மலையில் ஏறிக்கொண்டிருக்கும். "அக்காவுக்கு அங்க ஒரு காணி நிலம் இருக்குது போல" என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

மலையேற்றம் நடத்தும் கம்பெனியின் கையேட்டில் இரண்டு பாதைகள். ஏரிப் பாதை ஐந்து நாள், பன்னிரண்டாயிரம் அடி; சாமானைக் கோவேறு கழுதை சுமக்கும், அறுபத்தைந்து வயதுவரை போகலாம். கணவாய்ப் பாதை பத்து நாள், பதினேழாயிரம் அடி. பனிச்சரிவில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். ஐம்பத்தைந்து நிறைந்துவிட்டால் அனுமதி கிடையாது.

மகளுக்குக் கல்யாணமானதும் கணவாய்க்குப் போவது என்று அக்காவும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்தே பேசி வைத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே வயது. அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் மேலாளர். கல்யாணம் முடிந்தது; பேச்சு மாறியது. "மொதல்ல ஏரியப் பார்ப்போம். என் முட்டி கணவாய்க்குத் தாங்காது" என்றார். அக்காவே அவரைப் படுக்க வைத்துப் படம் எடுத்தாள். படத்தில் இருந்தது இருபது வயதுப் பையனின் முட்டி. விஷயம் முட்டியில் இல்லை, பயத்தில் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கட்டிக்கொண்ட மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று எந்த வாயால் சொல்வது? "லேசா தேய்மானம் இருக்குங்க. அவசரப்பட வேணாம்" என்று பொய் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றினாள். அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஐம்பத்து நாலு முடியப்போகிறது. "இந்த வருஷம் விட்டா எனக்குக் கணவாய் கெடையாதுங்க" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் புது பூட்ஸோடு வந்து நின்றார்.

"ஆபீஸ் ஆளுங்க ஆறு பேரு கெளம்பறோம். கணவாய்க்குத்தான்."

"நான்?"

"நீ வந்தா எல்லாரும் உனக்காக நின்னு நின்னுல்ல போகணும்?"

"உங்க முட்டி?"

"அது இப்ப பரவால்ல."

கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பருவத்தின் கடைசிக் குழு அதுதான், இடம் முடிந்துவிட்டது என்றார்கள். கடைசி ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவள் வீட்டுக்காரர்.

பனியில் ஒரு கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி நிற்கும் படத்தோடு திரும்பி வந்தார். அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். வந்தவர் போனவருக்கெல்லாம் கதை நடந்தது. "இவகூட ஆசப்பட்டா. அதெல்லாம் பொம்பளைங்களுக்கு ஆவறதில்லைங்க" என்பார், அவள் கொண்டுவந்த காப்பியை வாங்கிக்கொண்டே. அக்கா காலித் தட்டோடு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு ஐம்பத்தைந்து நிறைந்த அன்று பெரிய மனது பண்ணி அறிவித்தார்: "வா, ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உனக்கு ஏரி போதும்."

போனாள். கசப்பு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியதுபோல் தொண்டையிலேயே நின்றது அந்தப் பயணம். பையைக் கழுதைமேல் ஏற்றவில்லை. மூன்றாம் நாள் ஏரிக்கு மேலே இருக்கும் மேட்டுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் கழித்து, ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து எழுந்து, வந்தார். எதிரே பனிமலை வரிசை. குழுவில் இருந்த டீச்சரம்மா கேட்டார்: "சார், நீங்க தாண்டின கணவாய் எதுங்க?"

மூச்சிரைப்பு அவருக்கு உடனே நின்றுபோயிற்று. இரண்டு சிகரங்களுக்கு நடுவே அகலமாகத் தெரிந்த பிளவைக் கைநீட்டிக் காட்டினார். "அதேதான். அந்த நடுவுலதான் நின்னேன்."

அக்கா பார்த்தாள். அந்தப் பிளவில் பாதையே கிடையாது. கணவாய் இடதுபுறக் கரும்பாறைக்குப் பின்னால் இருக்கிறது. ஏரியிலிருந்து பார்த்தால் தெரியாது. மலையில் திசை தடுமாறுவது யாருக்கும் உள்ளதுதான் என்று நினைத்தாள். அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்: "அஞ்சாவது முகாம்லேர்ந்து எந்தப் பக்கம் திரும்புனீங்க?"

"எங்க திரும்பறது? நேராத்தான்."

வரைபடத்தில் அவள் விரல் தினமும் ஏறிய பாதை அது. கணவாய்க்கு முந்தைய கடைசி முகாமான ஐந்தாம் முகாமுக்கு நேர் எதிரே ஆயிரம் அடிப் பாறைச் சுவர். இடதுபுறம் திரும்பாமல் எவராலும் ஓரடி நகர முடியாது. பக்கத்தில் நின்ற வழிகாட்டி குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

இவர் ஐந்தாம் முகாமைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கொடிக்கம்பம் எந்த முகாமிலும் இருக்கும். பாதி வழியில் திரும்பி வருவதற்காகவா அவளுடைய கடைசி இடத்தை இந்த மனிதர் எடுத்துக்கொண்டார்?

"அங்க நிக்கறப்ப பயமா இல்லியா சார்?" என்றார் டீச்சரம்மா.

அவர் வாயைத் திறந்தார். திறந்தபோதுதான் மனைவியின் முகம் கண்ணில் பட்டது.

அக்கா கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் அருகில் போனாள். "காத்து அடிக்குது பாருங்க" என்று, அவர் ஜாக்கெட்டின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். அங்கே நிறுத்தவில்லை. உயர்ந்த காலர் அவர் வாயை முழுதாக மூடும்வரை இழுத்துவிட்டாள்.